துன்ப நூல்களை வாசிக்கும் முறை

அரபு இலக்கியத்தில் ‘அல்ஃபரஜ் பஃதஷ் ஷித்தா’ எனப்படும் ஒரு நூல்வகை உண்டு. ‘துன்பத்திற்குப் பின் விடிவு’ என்பது அதன் பொருள். இப்பெயரில் பலர் தொகுத்திருப்பினும், ஹிஜ்ரி 384இல் (கி.பி. 994) மறைந்த காழி அபூ அலீ அல்முஹஸ்ஸின் அத்தனூகீயின் தொகுப்பே இவ்வகையின் தலையாய நூலாகப் போற்றப்படுகிறது. சிறைப்பட்டோர், பதவி இழந்தோர், கள்வரிடம் சிக்கியோர், வறுமையுற்றோர், நோயுற்றோர் எனப் பலருடைய செய்திகள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. அச்செய்திகள் விடிவில் முடிகின்றன; அவ்வாறு முடிவதனாலேயே நூலில் இடம்பெறும் தகுதியைப் பெறுகின்றன. துயருற்ற வாசகனுக்கு ஆறுதல் அளிப்பதே தொகுப்பாசிரியரின் நோக்கம். அதனை அவர் செம்மையாகவே நிறைவேற்றியுள்ளார்.

ஆயினும் விடிவு வாராமலே மடிந்தவரின் செய்தி எந்நூலில் இடம்பெறும்? துன்பம் ஒருவருக்கும், அதனால் விளைந்த விடிவு வேறொருவருக்கும் வாய்க்குமாயின் அதனைக் கூறும் நூலை எவ்வாறு வாசிப்பது? வரலாற்று இடர்களைப் பேசும் நூல்களை மதிப்பிட இவ்விரு வினாக்களும் இன்றியமையாதவை. புலம்பெயர்ந்த தமிழர் பட்ட பாடுகளைக் கூறும் சில நூல்களை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், துன்பமும் பொறுமையும் ஒரு நாட்டின் பெருமையாகவே மாறிவிட்ட இடமாகிய அமெரிக்காவின் தொடக்ககால நூல்களைச் சற்று நோக்குவது பயன் தரும்.

குடியேறிகளின் பொறுமை

1620ஆம் ஆண்டு இறுதியில் ‘மேஃப்ளவர்’ என்னும் கப்பலில் 102 பயணிகள் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை அடைந்தனர். அடுத்த இளவேனிற்காலம் வருவதற்குள் குளிராலும் நோயாலும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். எஞ்சியோர் பிளிமத் குடியிருப்பை நிலைநிறுத்தினர். அதன் ஆளுநராகப் பல்லாண்டுகள் இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு இவ்வரலாற்றைத் தம் கைப்பட எழுதினார். இதற்கும் முன்னதாக, வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் 1609-10ஆம் ஆண்டுக் குளிர்காலப் பஞ்சத்தில் கோட்டைக்குள் இருந்த சில நூறு பேரில் ஏறத்தாழ 60 பேரே உயிர் பிழைத்தனர்.

இவை மெய்யான துன்பங்கள். அவற்றைத் தாங்கியோரின் மனவுறுதியும் மெய்யானதே. அதனைச் சிறுமைப்படுத்துவது திறனாய்வாகாது. நாம் நோக்க வேண்டுவது இத்துன்பம் பின்னர் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதையே. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் படி அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் காணாமற் போய், 1855இல் லண்டன் ஆயரின் நூலகத்தில் இருப்பது கண்டறியப்பட்டு, 1856இல் அச்சேறியது. 1897இல் மூலப்படி அமெரிக்காவுக்கே திருப்பி அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் மேஃப்ளவர் பயணிகளின் வழித்தோன்றல்களுக்கெனத் தனிச் சங்கமும் தோன்றியது. பாதிப்பேர் மாண்ட அந்தக் குளிர்காலம் ஒரு பெருநாட்டின் முதல் அத்தியாயமாயிற்று. அத்தனூகீயின் வாய்பாடு இங்கு அப்படியே பொருந்துகிறது. முதலில் ஷித்தா, பின்னர் ஃபரஜ்.

ஆனால் அந்த விடிவு எந்த நிலத்தில் விளைந்தது? பிளிமத் எழுந்த இடத்தில் பட்டக்ஸெட் என்னும் பூர்வகுடிச் சிற்றூர் இருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் 1616க்கும் 1619க்கும் இடையில் அவ்வூரை வெறுமையாக்கிவிட்டது. முன்பே திருத்தப்பட்டிருந்த அந்த வயல்களிலேயே குடியேறிகள் பயிரிட்டனர். மக்காச்சோளம் நடும் முறையை அவர்களுக்குக் கற்பித்த திஸ்குவாண்டம் அவ்வூரில் பிறந்தவர். ஒரு சாராரின் பொறுமைக்குக் காவியம் கிடைத்தது. மறு சாராரின் அழிவு அக்காவியத்தில் வெற்று நிலமாக மட்டுமே காட்சி தருகிறது.

அரபியில் எழுதிய அடிமை

இக்குறையை ஈடுசெய்யும் ஒரு சிறு நூல் அமெரிக்காவிலேயே உள்ளது. அது நமக்கு நெருக்கமான அரபி மொழியில் எழுதப்பட்டது. உமர் இப்னு ஸயீத் என்பவர் 1770ஆம் ஆண்டளவில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ பகுதியில் பிறந்தவர்; பல்லாண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் பிடிக்கப்பட்டுத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானனிடமிருந்து தப்பி, வட கரோலினாவில் சிறைப்பட்டு, மற்றொரு குடும்பத்தாரின் உடைமையானார். 1831இல் தம் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அடிமையாகவே முதுமை எய்தி 1860களில் மறைந்தார். அந்தக் கையெழுத்துப் படியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017இல் பெற்று, 2019இல் அனைவரும் காணும்படி இணையத்தில் வெளியிட்டது.

சில பக்கங்களே கொண்ட இந்நூல் தன்வரலாறாகத் தொடங்கவில்லை. நம் மதரஸாச் சிறுவரும் மனனம் செய்யும் சூரத்துல் முல்க் முதலில் வருகிறது. அதனை நினைவிலிருந்தே அவர் எழுதியிருக்கிறார். தாம் கற்ற மொழியையே மறந்துவிட்டதாக அதன்பின் வருந்துகிறார். எழுத்துப் பிழைகளும் இலக்கணத் தளர்ச்சிகளும் நூலில் உள்ளன. வகுப்பறைக் கண்கொண்டு பார்ப்பின் மதிப்பெண் குறையும். ஆனால் அப்பிழைகளே இந்நூலின் சான்றாவணம் என்பேன். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒருவரது மொழியைப் பேச எவருமில்லாத நிலத்தில் அவரை வைத்திருந்தால் மொழிக்கு என்ன நேரும் என்பதை அப்பிழைகள் காட்டுகின்றன.

தம் எசமானரை அவர் புகழ்ந்தே எழுதுகிறார். வேறு எவ்வாறு எழுத முடியும்? ஆயினும் ஆட்சியும் உடைமையும் யாருடையவை என்பதைத் தொடக்கத்திலேயே முழங்கும் ஓர் அத்தியாயத்தை, பிறருக்கு உடைமையாக இருந்த ஒருவர் தம் வரலாற்றின் முகப்பில் வைத்திருப்பது தற்செயலன்று என ஆய்வாளர் கருதுகின்றனர். அக்கருத்து ஏற்கத்தக்கதே. வெளிப்படையாகக் கூற இயலாத முறையீட்டை அவர் ஓதுதலின் வடிவில் கூறினார். இங்கு ஃபரஜ் இல்லை. பிராட்ஃபோர்டின் நூலையும் உமரின் நூலையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதே தொடக்ககால அமெரிக்காவின் துன்ப வரலாறு முழுமை பெறுகிறது.

இவ்விரண்டிலிருந்தும் மூன்று உரைகற்களைப் பெறலாம். துன்பத்தை எழுதியவர் யார்? துன்பத்திற்குக் காரணமானவரை நூல் பெயர் சுட்டிக் காட்டுகிறதா? அத்துன்பத்தின் பயன் யாரைச் சேர்ந்தது? இவற்றைக் கொண்டு நம் நூல்களுக்கு வருவோம்.

பர்மா வழி

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். செட்டியார் பெருவணிகர், சூலியா என அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர், துறைமுகக் கூலிகள், அரிசி ஆலைத் தொழிலாளர் எனப் பல நிலையினர் அங்கு வாழ்ந்தனர். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் பணமுடையோருக்கும் அதிகாரத்திற்கு அணுக்கமானோருக்குமே எளிதில் கிட்டியது. ஏனையோர் அரக்கான் மலைகள் வழியாகவும், தாமு, மணிப்பூர் வழியாகவும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்தனர். நடந்தோர் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டவர். வழியில் மாண்டோர் 10,000 முதல் 50,000 வரை எனப் பலவாறு மதிப்பிடுவர். மதிப்பீட்டின் இவ்விடைவெளியே ஒரு செய்தியைச் சொல்கிறது. இறந்தோரை எவரும் எண்ணவில்லை. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் வழிகளிலும் முகாம்களிலும் பாகுபாடு காட்டப்பட்டது என்னும் குற்றச்சாட்டு அந்நாளிலேயே எழுந்தது.

இந்நடைப்பயணத்தைத் தமிழில் எழுதியவருள் முதன்மையானவர் வெ. சாமிநாத சர்மா. பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழுக்குத் தந்த அப்பேரறிஞர், ரங்கூனில் ‘ஜோதி’ இதழின் ஆசிரியராக இருந்தவர். தம் துணைவியாரோடு கால்நடையாகத் தாயகம் திரும்பிய அனுபவத்தை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்னும் நூலாக்கினார். மிகையின்றி எழுதும் பழக்கமுடைய ஓர் இதழாசிரியரிடம் இவ்வனுபவம் வந்து சேர்ந்தது தமிழின் பேறு. அந்நூல் இல்லையேல், 1942இன் மாபெரும் இடப்பெயர்ச்சி தமிழ் உரைநடையில் ஏறத்தாழச் சுவடின்றிப் போயிருக்கும்.

எனினும் முதல் உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்போது நூலின் எல்லையும் புலனாகிறது. இது திரும்பி வந்தவரின் நூல்; கற்றவரின் நூல். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் அதே வழியில்தான் நடந்தார். அவருக்குக் கையில் பணமில்லை, முகாமில் சிபாரிசில்லை, எழுதத் தாளுமில்லை. அவரை நாம் ஆசிரியரின் கண்வழியாக, வழியோரக் காட்சியாகவே காண நேர்கிறது. இது சர்மாவின் குற்றமன்று. தாம் கண்டதை அவர் எழுதினார். அவ்வழியில் நடந்த மற்றவர்களைக் கேட்டு எழுதாமல் விட்ட பின்வந்தோரின் குறை இது. ஆங்கிலத்தில் இப்பயணத்தை வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1975இல் ஒரு கட்டுரையாக ஆராய்ந்தபோது, அதனை மறக்கப்பட்ட நெடும்பயணம் என்றே குறிப்பிட்டார்.

பெயருள்ள கல்லறைகள், பெயரற்ற குழிகள்

பர்மா வழியில் நடந்தோருக்கு ஒரு சர்மா கிடைத்தார். அதே போரில் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழருக்கு அவ்வாறு ஒருவரும் கிடைக்கவில்லை. 1942க்கும் 1943க்கும் இடையில் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அப்பாதை அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்து, 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் முதலிய ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கும் மேற்பட்டவர். அவர்களுள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்து, பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளரோ பெயரற்ற குழிகளில் உறங்குகின்றனர்.

நூல்களின் நிலையும் கல்லறைகளின் நிலையை ஒத்ததே. கைதிகளாயிருந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய வீரர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஏராளம். 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் கைதிகளின் தன்மானத்தை உலகறியச் செய்தது. பாதையில் மாண்டோருள் மிகப் பெரும்பான்மையினரான ஆசியத் தொழிலாளருக்கு அக்கதையில் இடமில்லை. தமிழில் இக்குறையைப் போக்க முன்வந்தவர்கள் மலேசிய நாவலாசிரியர்களே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டும் இவ்வகையில் போற்றத்தக்கவை. ஆவணம் இல்லாத இடத்தில் புனைவே சாட்சியின் கடமையை ஏற்க நேர்ந்தது. பெயரற்றோருக்கு இந்நாவல்கள் பெயரும் ஊரும் உறவும் தந்தன. ஆயினும் புனைவின் பெயர் பதிவேட்டின் பெயராகாது. இறந்த ஒருவரின் பேரன் தன் பாட்டனாரை நாவலில் தேடிக் கண்டடைய முடியாது.

கணக்கேட்டைத் திறக்கும் நாவல்

இரண்டாம் உரைகல்லில் சிறந்து நிற்பது பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்னும் நாவல். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்க, 2007இல் வெளிவந்தது. தமிழ்த் தொழிலாளரின் கதை தமிழுக்கு வர 38 ஆண்டுகள் ஆயின. 2013இல் இயக்குநர் பாலா எடுத்த ‘பரதேசி’ திரைப்படத்திற்கும் இந்நாவலே அடிப்படை. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். பின்னர்த் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். 1920களில் திருநெல்வேலிப் பகுதிக் கிராமத்திலிருந்து வால்பாறைக்குச் செல்லும் கருப்பன், வள்ளி என்னும் இணையரின் கதையை அவர் கூறுகிறார்.

இந்நாவலின் சிறப்பு அதன் சோகத்தில் இல்லை. சோகத்தை எவரும் எழுதலாம். சிறப்பு அதன் கணக்கில் உள்ளது. மேஸ்திரி ஊருக்கு வருகிறான், முன்பணம் தருகிறான், தாளில் கைநாட்டு வாங்குகிறான். தோட்டத்தில் அரிசிக்கும் கம்பளிக்கும் கூலியிலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. நோயில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை. ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்தால் கடன் தீரவில்லை. மேஸ்திரிக்கோ ஒவ்வொரு தொழிலாளியின் உழைப்பிலும் கமிஷன். ஊர் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. இவற்றுக்குப் பின்னால் 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுவதை அச்சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. இலங்கைத் தோட்டங்களிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டோடு அவரை ஒரு கங்காணியிடமிருந்து மற்றொரு கங்காணிக்கு மாற்றும் வழக்கம் அது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது.

கருப்பனின் பொறுமையைப் புகழ்வதோடு டேனியல் நின்றிருப்பாராயின் நாம் கண்ணீர் விட்டு நூலை மூடியிருப்போம். அப்பொறுமையால் யாருடைய பெட்டி நிறைந்தது என்பதை அவர் காட்டியதனால் நாம் சிந்திக்க வேண்டியவராகிறோம்.

மூன்றாம் உரைகல்லில் தமிழரின் வரலாறு பிளிமத்துக்கு நேரெதிராக அமைகிறது. அங்கே துன்புற்றோரின் வழித்தோன்றல்களுக்கு நாடு கிடைத்தது. இலங்கை மலையகத்தைக் காடு வெட்டித் தேயிலை நாடாக்கியோரின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களுள் பலர் தாங்கள் ஒருபோதும் கண்டிராத ‘தாயகத்துக்கு’ வந்தனர். அவர்களின் பொறுமையை எந்த நாடும் தன் முதல் அத்தியாயமாக எழுதிக்கொள்ளவில்லை.

ஸப்ரும் மௌனமும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட நம் திருமுல்லைவாயிலில் இருந்து இந்நூல்களை வாசிப்போருக்கு பர்மா தொலைதூரமன்று. அ. மு. முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவின் மோல்மீனில் தொடங்கிய தொழில், போருக்கு முன்பே முதலைத் தாயகம் சேர்த்தது. அக்குடும்பத்தாரே 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள் தொழிற்சாலையை நிறுவினர். இம்முன்யோசனை நம் தொழில் வரலாற்றில் முறையாகப் பதிவாகியுள்ளது, பதிவாக வேண்டியதே. மறுபுறம், 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபின், சுமார் மூன்று லட்சம் இந்தியர் வெறுங்கையோடு வெளியேறினர். சென்னைக்கு வந்தோர் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்ந்தனர். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் தோன்றியது. இன்று சென்னைவாசிகள் அவர்களை நினைப்பது பெரும்பாலும் ‘அத்தோ’ விற்கும் தள்ளுவண்டியின் வாயிலாகத்தான். முதல் வந்த வழிக்கு வரலாறு உண்டு. கால் நடந்து வந்த வழிக்குத் தின்பண்டம் மட்டும் எஞ்சிற்று.

தமிழ் முஸ்லிம்களின் பங்கு இதில் இன்னும் மௌனமானது. ரங்கூனில் சூலியா பள்ளிவாசலைக் கட்டி எழுப்பிய சமூகம், சர்மாவின் நூலுக்கு இணையான ஒரு நூலைத் தந்ததா என வினவின் விடை கூறத் தயங்க வேண்டியுள்ளது. இத்தயக்கத்திற்கு ஒரு காரணம் நம் மரபைப் பற்றிய பிழையான புரிதல். துன்பத்தை எடுத்துக் கூறுவது ஸப்ருக்கு முரண் என்றும், வாய் திறவாதிருப்பதே பொறுமை என்றும் நம்முள் பலர் எண்ணுகின்றனர். ஆனால் நபி அய்யூப் (அலை) தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். நபி யஃகூப் (அலை) தம் கவலையை அவனிடம் சொல்லி அழுதார்கள். அவ்வாறிருந்தும் அய்யூப் நபியைப் பொறுமையாளர் என்றே குர்ஆன் சிறப்பிக்கிறது. இப்னுல் கய்யிம் (ஹிஜ்ரி 751) பொறுமையைப் பற்றியே தனிநூல் இயற்றி, இறைவனிடம் முறையிடுதல் பொறுமைக்கு மாறன்று என விளக்கியுள்ளார். தீயதை உரத்துப் பேசுவதை விலக்கும் வசனமும் (4:148) அநீதிக்கு ஆளானவருக்கு விலக்களிக்கிறது. ஆகவே துன்பத்தைப் பதிவு செய்தல் புலம்பல் ஆகாது, அது சாட்சியம். சாட்சியத்தை மறைத்தல் நம் மார்க்கத்தில் புகழத்தக்க செயலன்று.

அநீதியின் பெயரைச் சொல்லாமல் பொறுமையை மட்டும் புகழும் நூல் துன்புற்றவருக்கு நன்மை செய்வதில்லை. தோட்டத்துரையும் தன் கூலிகளின் பொறுமையைப் புகழ்ந்திருக்கக்கூடும். அப்புகழ்ச்சி அவனுக்கு மலிவானது.

இங்கு நம் அரபிக் கல்லூரிகளுக்கு ஒரு தனிக்கடமை உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற முந்தைய தலைமுறையினர் பலர் தம் இல்லத்தாருக்கு அரபுத் தமிழில் கடிதம் எழுதினர். தமிழெழுத்து அறியாத பெண்களும் அவ்வெழுத்தை வாசிக்க அறிந்திருந்தனர். அத்தகைய கடிதங்களும் குடும்பக் குறிப்பேடுகளும் எஞ்சியிருக்கக்கூடிய இடம் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளே. மஹல்லா நிக்காஹ் பதிவேடுகளில் மணமகனின் இருப்பிடமாக ரங்கூனும் பினாங்கும் எழுதப்பட்ட பக்கங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். அரபுத் தமிழைத் தடையின்றி வாசிப்போர் தொகை ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. உமர் இப்னு ஸயீதின் சில பக்கங்கள் ஒரு நூலகத்தை அடைந்து பாதுகாப்புப் பெற 186 ஆண்டுகள் ஆயின. இடையில் அவை தொலையாதிருந்தது இறையருள். நம் பெட்டிகளில் உள்ள தாள்களுக்கு அத்தனை கால அவகாசம் இல்லை. கரையான் அதற்கு முன்பே வந்துவிடும். ஓர் ஆலிம் பட்டத்திற்குரிய இறுதியாண்டு மாணவர் தம் ஊரின் ஒரு குடும்பக் கடிதக் கட்டினைப் படியெடுத்து, தமிழெழுத்தில் பெயர்த்து, தேதியும் இடமும் குறித்துக் கல்லூரி நூலகத்தில் வைப்பாராயின், அது ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு ஈடாகும். மூட்டை சுமந்தவரின் பெயரும் அக்கட்டுகளில் ஒன்றில் கிடைக்கக்கூடும்.